இரண்டு விளக்கும் எரிந்த பெட்டி

சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் சேர்ந்தே எரிந்தன.

அப்படி எரியக் கூடாது. விமானத்தின் சக்கரம் கீழே இறங்கியிருந்தால் பச்சை எரியவேண்டும். உள்ளே மடங்கியிருந்தால் சிவப்பு எரியவேண்டும். ஒன்று எரிந்தால் மற்றது அணைந்திருக்க வேண்டும். பெங்களூரில் இருந்த அந்த விமானப் பழுதுபார்க்கும் தொழிற்சாலையின் மேல்மாடியில் மேசைமேல் இருந்த சுவிட்ச் பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரப் பரிசோதனை அதிகாரி குனிந்து இரண்டு விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த விமானத்துக்குச் சக்கரம் மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. அதிர்ஷ்டம் செய்த விமானம்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரித்தால் சிரிக்க வேண்டியவர்கள்தான் அவ்வளவு பேரும். அதற்குள் பெட்டியின் மூடி இடுக்கிலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பியது.

மாதம்மாள் சிரிக்கவில்லை. அந்த சுவிட்ச் பெட்டியை வரைந்தவள் அவள். யாரும் சொல்வதற்கு முன்பே திருப்புளியை எடுத்து ஈய முத்திரையைப் பிய்த்து மூடியைக் கழற்றினாள். உள்ளே, செப்பு முனைகளுக்கு நடுவே, மின்சாரம் தாண்டக் கூடாத பலகையெல்லாம் கறுப்பு. விரலை வைத்தாள், மையாக ஒட்டியது. முகர்ந்தாள். கருகல் வாசனைக்கு அடியில் அவளுக்குத் தெரிந்த இன்னொரு வாசனை இருந்தது. விறகுப் புகை, சாமைக் கதிர், மிளகு. கொல்லிமலையில், குண்டூர் நாடு என்ற ஊர்க்கூட்டத்தில், அவள் அம்மா அத்தாயியின் அடுப்புக்கு மேலே இருக்கும் பரண்.

எப்படி என்று தெரியவில்லை. யார் என்பது தெரிந்துவிட்டது.

"இந்தப் பெட்டிகள் எங்கே இருந்தன?" என்று அதிகாரி கேட்டார். அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"கொல்லிமலையில். ஈரச் சோதனைக்காக என் வீட்டில் வைத்திருந்தேன்."

யுத்த காலம். தொழிற்சாலையிலிருந்து ஒரு திருகாணி வெளியே போனாலும் குற்றம். அதிகாரி பகுதித் தலைவர் ஹபீப் ரஹ்மானைப் பார்த்துத் திரும்பினார். "யார் அனுமதி கொடுத்தது?"

ஹபீப் ரஹ்மான் தன் செருப்பைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது சார். அவங்களாகவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்."

மாதம்மாளுக்குக் கோபம் முதலில் காதில்தான் வரும். இரண்டு காதும் தீப்பட்டதுபோல் எரிந்தன. அவள் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போலீசுக்குச் சொல்லாமல் விடுவதே பெரிய மனசு என்றார்கள். மேல்மாடி ஸ்டூல் இனி இல்லை, கீழ்மாடி வேலையும் இல்லை என்றார்கள். வாசல்வரை ஒரு காவலாளி கூடவே வந்தான், அவள் மடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறவன்போல.

அந்த ஸ்டூலை அவள் சும்மா வாங்கவில்லை. மலையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அந்தப் பள்ளி டீச்சரம்மாவோடு துணைக்குப் பெங்களூர் வந்து, அங்கே தையலும் கோட்டுப் படமும் கற்றுக்கொண்டவள். யுத்தம் வந்ததும் தொழிற்சாலையில் படங்களை மெழுகுத் துணியில் பிரதி எடுக்கப் பெண்களை எடுத்தார்கள். கீழ்மாடியில் வரிசையாக உட்கார்ந்து, மேல்மாடி ஆண்கள் வரைந்ததை அப்படியே கீறவேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. மாதம்மாள் கேட்டாள்.

பழுதுக்கு வந்த விமானங்களில் பல, வயிறு நசுங்கி வந்தன. சண்டையில் அடிபட்டவை அல்ல. பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு இறக்கைத் தட்டை மடக்கப் போன விமானி, பக்கத்திலேயே இருந்த சக்கர சுவிட்சைத் தள்ளிவிடுகிறான். நின்ற இடத்திலேயே விமானம் வயிற்றில் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு சுவிட்சும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒருநாள் மாதம்மாள் படத்தை எடுத்துக்கொண்டு நேராக மேல்மாடிக்குப் போய், ஹபீப் ரஹ்மான் முன்னால் இரண்டு சுவிட்சையும் வைத்து, "கண்ணை மூடிக்கிட்டு எது எதுன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்றாள். அவர் மூடினார். தப்பாகச் சொன்னார். சிரித்துவிட்டு, ஜன்னலோரத்தில் ஒரு ஸ்டூல் போடச் சொன்னார்.

அதில் உட்கார்ந்து அவள் வரைந்ததுதான் இந்தப் பெட்டி. சக்கர சுவிட்சின் கைப்பிடியை முதலில் மேலே தூக்கவேண்டும். தூக்கிய பிறகுதான் அது நகரும். தெரியாமல் கை பட்டால் அசையாது. அசாம் பக்கம் ஈரத்தில் சுவிட்ச்களெல்லாம் பச்சைபிடித்து ஒட்டிக்கொள்வதாகப் புகார் வந்ததால், பெட்டிக்கு மூடி போட்டு, சேரும் ஈரம் வடிய அடியில் சிறு துளைகளும் வைத்திருந்தாள். அந்தத் துளைகளில் அவளுக்குத் தனிப் பெருமை.

மழைக்கால விடுப்புக்கு அவள் ஊருக்குக் கிளம்பியபோது ஹபீப் ரஹ்மானே கூப்பிட்டார். மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் கடை வைத்து மிளகு வாங்கும் பீர் முகமது ராவுத்தரின் மகன் அவர். மலை எப்படியென்று தெரிந்தவர். "உங்க மலைல ஐப்பசிப் பனிக்கு உப்பே தண்ணியாப் போயிடுமே. மூணு பெட்டி கொண்டுபோய் வெளியில வெச்சுப் பாருங்க. அசாமுக்கு ஏன் போகணும்?" என்றார். தன் கையாலேயே சாக்கில் சுற்றிக் கயிறு கட்டி, வாசல்வரை தூக்கிவந்து கொடுத்தார். பகுதித் தலைவர் கையில் வந்த மூட்டையைக் காவலாளி தொடவில்லை.

அந்த மனிதர்தான் தன் செருப்பைப் பார்த்தார்.

மலை ஏறும்போது மாதம்மாள் அம்மாவிடம் கேட்கவேண்டியதையெல்லாம் ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினாள். வீட்டுக்கு வந்தபோது அத்தாயி முற்றத்தில் குச்சிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. அதுக்குள்ள லீவு உட்டுட்டாங்களா?"

"கல்லு மேல மூணு பெட்டி வெச்சுட்டுத் தேவனூர் நாட்டுக்குக் கல்யாணத்துக்குப் போனேனே. அதை எடுத்தியா?"

"ஆமா. நீ அந்தப்பக்கம் போன, மழை புடிச்சுக்கிச்சு. எடுத்துப் பரண்ல வெச்சேன். நீ வர அன்னிக்கு எறக்கி, சாம்பலும் புளியும் போட்டுத் தேச்சு மறுபடி கல்லு மேலயே வெச்சேன். பளபளன்னு இருந்துச்சே, பாக்கலியா?"

"தொடாதேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்."

"எங்க தொட்டேன்? முறத்துல தள்ளித்தான் எடுத்தேன்."

மாதம்மாளின் காது எரிந்தது. "அது நனையணும்னுதான் வெச்சேன். நனையறதுக்குன்னே வெச்சேன்."

"பித்தளையை நனையறதுக்குன்னே வெளிய வெக்கிறவளை நான் இப்பத்தான் பாக்கறேன். வித்துச் சாமைய மழையில வெப்பமா? உப்பை வெப்பமா? ஊட்டுல இருக்கிற நல்ல பொருளெல்லாம் அடுப்புக்கு மேலதான். பூச்சி வராது, பூஞ்சை வராது."

"கரி வரும். கரி வந்து எம் பொழப்புல உழுந்துடுச்சு. உனக்கெங்க புரியப்போகுது."

அத்தாயி கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கும் இதையேதான் சொன்ன. இது என்ன கண்ணுன்னு கேட்டேன். உனக்குப் புரியாதுன்னுட்டுப் போயிட்ட. புரியாதுன்னு உட்டுட்டுப் போனா எனக்குப் புரிஞ்ச மாதிரிதான் செய்வேன்."

மாதம்மாளின் கோபம் இன்னும் ஏறியது. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை.

"சோத்து மேல என்ன கோவம்? தின்னுட்டுக் கத்து. சத்தம் நல்லா வரும்" என்றாள் அத்தாயி வெளியிலிருந்து.

மறுநாள் அடுப்பங்கரையில்தான் மிச்சக் கதையும் வெளியே வந்தது. வேலை போனதைச் சொன்னபோது அத்தாயி அலட்டிக்கொள்ளவில்லை. மகள் ஊரோடு இருப்பது அவளுக்கு நஷ்டமில்லை. திருட்டு என்ற சொல் வந்தபோது மட்டும் நிமிர்ந்தாள்.

"திருட்டுன்னு யாரு சொன்னது? வெள்ளக்காரனா?"

"வெள்ளைக்காரன் கேட்டான். சொன்னது நம்ம பீர் முகமது ராவுத்தரு மகன். குடுத்ததும் அவருதான். தெரியாதுன்னு சொன்னதும் அவருதான்."

அத்தாயி எழுந்தாள். அப்புறம் உரலைப் புரட்டிப்போட்டு, அதன்மேல் ஏறி, பரண் மூங்கிலில் தொங்கிய கயிறுகளில் ஒன்றை உருவினாள். முடிச்சு அவிழாமல் வளையமாகவே இருந்தது.

கொல்லிமலைக்காரர்கள் கீழே போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு ஏறும்போது அடிவாரச் சாவடியில் வனக்காவலர்கள் மறிப்பார்கள். புதுத் துணி, புது மண்வெட்டி எது இருந்தாலும் எங்கே எடுத்தாய் என்பார்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டச் சொல்வார்கள். அதற்காகவே பீர் முகமது தன் கடை மூட்டைகளுக்கு ஒரு முடிச்சு வைத்திருந்தார். கயிற்றின் நுனியை இரண்டு முறை உள்ளே மடக்கித் தீயில் பொசுக்கிய முடிச்சு. அது இருந்தால் கடையில் கொடுத்தது என்று அர்த்தம், காவலர்கள் விட்டுவிடுவார்கள். மலைச் சனங்களும் அதை அவிழ்க்கமாட்டார்கள். மூட்டையை நசுக்கிக் கயிற்றை அப்படியே உருவி, அடுத்த முறை போகும்போது கடையில் திருப்பிக் கொடுப்பார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த பழக்கத்தில் மாதம்மாளும் அன்று பெட்டிகளை அப்படித்தான் உருவி எடுத்திருந்தாள். ஹபீப் ரஹ்மானின் கையும், இங்கிலீஷ் படிப்பெல்லாம் படித்த பிறகும், கயிறு கட்டும்போது அப்பன் கடை முடிச்சைத்தான் போட்டிருந்தது.

"உன் பெட்டி வந்த கயிறு இது. நுனி பொசுங்கியிருக்குது பாரு" என்றாள் அத்தாயி.

"கயித்தைக் காட்டினா ஆபீசுல எவன் சாட்சின்னு எடுத்துக்குவான்?"

"ஆபீசுக்கு யாரு காட்டறா? கட்டுனவனுக்குக் காட்டறேன். கெளம்பு."

முள்ளுக்குறிச்சியில் கடை வாசலைத் தாண்டும்போது பீர் முகமது பார்த்துவிட்டார். "என்ன அத்தாயி, மூட்டையைக் காணோம், வெறுங்கையோட எறங்கிட்ட?"

"கயிறு ஒண்ணு திருப்பிக் குடுக்கணுங்க ராவுத்தரே. குடுத்தவங்க கையிலயே குடுக்கலாம்னு போறேன்."

"நான்தானே குடுத்திருப்பேன்?"

"இது நீங்க குடுத்ததில்லீங்க."

அவர் விளங்காமல் தராசுத் தட்டைப் பிடித்தபடி நின்றார். கொஞ்ச தூரம் போனதும் மாதம்மாள் வெடித்தாள். "அவருகிட்டயே சொல்லியிருக்கலாமில்ல? ஒரு வார்த்தை சொன்னா மகனை உரிச்சு எடுத்துருவாரு."

"அப்பனுக்குப் பயந்து சொன்னா அது அப்பன் சொன்னது. அவனா சொல்லட்டும்."

பெட்ரோல் கிடைக்காத காலமானதால் பஸ்ஸை ஓட்டப் பின்னால் கரி அடுப்பு கட்டியிருந்தார்கள். ராசிபுரம் போவதற்குள் இருவர் முகத்திலும் கரி. "இதுக்கும் புகைதான். இது மட்டும் ஓடுதே" என்றாள் அத்தாயி. மகள் முறைத்தாள். சேலத்தில் ரயிலேறிய பிறகு அத்தாயி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இப்பவாச்சும் சொல்லு. அது என்ன பெட்டி?" என்று கேட்டாள்.

மாதம்மாள் கோபத்தோடுதான் சொல்ல ஆரம்பித்தாள். சீப்பைக் கைப்பிடியாக வைத்து, தூக்கினால்தான் நகரும் என்று காட்டினாள். கரி எப்படி ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பாலம் போட்டுவிடும் என்று சொன்னாள். அத்தாயி நடுநடுவே கேட்டாள். தப்பாகத் தள்ளுகிறவனுக்குக் கண் இல்லையா? கண் இருக்கிறது, தூக்கம் கெட்டுக் குளிரில் கை விறைத்துப்போய் வருகிறான். அவனுக்கு அம்மா இருக்கிறாளா? இருப்பாள். அதற்கு மேல் அத்தாயி கேட்கவில்லை.

தொழிற்சாலை வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. காலைச் சங்கு ஊதும் நேரம். கீழ்மாடிப் பெண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தவர்கள் மாதம்மாளைப் பார்த்து நின்றார்கள். ஹபீப் ரஹ்மான் சைக்கிளில் வந்தார். முழங்காலுக்குமேல் சேலை கட்டிய மலைக்காரியைப் பார்த்ததும் இறங்கினார், முகம் வெளுத்தது.

"அத்தாயம்மா? என்ன இங்க? அத்தாவுக்கு ஏதாச்சும்..."

"அவருக்கு ஒண்ணுமில்ல சாமி. கடையில பருப்பு நிறுத்துக்கிட்டு இருக்காரு. அவருகிட்ட நான் ஒண்ணும் சொல்லல." கயிற்றை நீட்டினாள். "இந்த முடிச்சு யாரு போட்டது?"

அவர் கயிற்றைப் பார்த்தார். தொடவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யுத்த நேரங்க. நான் அனுப்புனேன்னு சொன்னா எம் வேலை போயிடும். எனக்கு வேற என்ன இருக்குது? மாதம்மாளுக்குன்னா மலைல காடு இருக்குது, தோட்டம் இருக்குது..."

"காடு இருந்தா நான் திருடியா?"

மாதம்மாள் கத்தவில்லை. ஆனால் பெண்கள் கூட்டம் முழுவதற்கும் கேட்டது.

"பெட்டி கெட்டது எங்க ஊட்டுப் புகையால. அது எங்க தப்பு. அதை நான் எவன் முன்னாடியும் சொல்றேன், எனக்கு வெக்கமில்ல. ஓட்டை வெச்சது நான், அதுவும் எந் தப்பு. அனுப்பி வெச்சது நீங்க. உங்க பங்கை நீங்க சொல்லுங்க. உங்க பங்கையும் நானே சொமக்கணும்னா, அந்த ஸ்டூலு போட்டப்ப சிரிச்சீங்களே, அது எதுக்கு?"

 அத்தாயிதான் பேசினாள், கிழங்கு விலை பேசுகிற குரலில்.

"உங்கப்பன் முடிச்சைப் போட்டுக் குடுத்துட்டு, குடுக்கலைன்னு சொல்லிப்போட்ட. இது சாவடி வரைக்கும் போச்சுன்னா அந்த முடிச்சை எவன் நம்புவான்? எங்க சனமெல்லாம் மூட்டையைப் பிரிச்சுக் கொட்டிக்கிட்டு நிக்கணும். எம் புள்ளைய மட்டுமா திருடின்னு சொன்ன? எங்க எல்லாத்தையுமில்ல சொல்லிப்போட்ட."

ஹபீப் ரஹ்மான் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். கயிற்றை வாங்கிக் கையில் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் ஏறியது. காவலாளி தன் கூண்டு நிழலில் அத்தாயியை உட்காரச் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். மாதம்மாள் அவர் பின்வாசல் வழியாக ஓடிப்போயிருப்பார் என்றே நினைத்தாள். அப்படி நினைக்க நினைக்கக் கோபம் சுகமாகக்கூட இருந்தது. கடைசியில் உள்ளிருந்து ஆள் வந்து அவளை மட்டும் கூப்பிட்டான்.

அதிகாரி மேசையில் மூடி திறந்த பெட்டி இருந்தது. ஹபீப் ரஹ்மான் ஓரமாக நின்றார். தானே அனுப்பியதாகச் சொல்லிவிட்டார் என்பதும், பகுதித் தலைமை அவரிடமிருந்து போய்விட்டது என்பதும் அதிகாரியின் ஓரிரு வாக்கியத்தில் தெரிந்தது. அவர் வேலை போகவில்லை.

"அப்படியும் இது முட்டாள்தனமான ஓட்டை" என்றார் அதிகாரி, துளைகளைப் பேனாவால் தட்டி.

"முட்டாள்தனம்தான். அடுப்புப் புகை போன ஓட்டையில் இஞ்சின் புகையும் போகும். இந்தப் பெட்டி விமானத்தில் போயிருந்தால் பழுது ஆகாயத்தில்தான் தெரிந்திருக்கும். ரப்பர் வளையம் வைத்து அடைத்து, ஈரத்துக்கு வேறு வழி பார்க்கிறேன்" என்றாள் மாதம்மாள். மன்னிப்புக் கேட்கிற குரல் அதில் இல்லை.

அவர் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். "பாருங்கள்" என்றார்.

ஸ்டூல் கிடைத்தது. ஜன்னலோரத்தில் அதற்குள் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். தூணுக்குப் பின்னால் இருட்டில்தான் இடம் கிடைத்தது. அதற்கும் அவள் சண்டை போட்டாள், அது தனிக் கதை. படிக்கட்டில் ஹபீப் ரஹ்மான் நின்று, "மனசுல வெச்சுக்காதீங்க மாதம்மா" என்றார்.

"வெச்சுக்குவேங்க" என்றாள். "கயித்தைக் குடுங்க. அம்மா கடையில குடுக்கணும்."

அத்தாயி அதைக் கொண்டுபோய்ப் பீர் முகமதுவின் கடைக் கயிறுகளோடு மாட்டிவிட்டு, கேட்டதற்கு ஒன்றும் சொல்லாமல் உப்பு வாங்கிக்கொண்டு மலையேறினாள்.

அடுத்த ஐப்பசிக்குள் யுத்தம் முடிந்துவிட்டது. ஆனாலும் விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன, வயிற்றில் உட்கார்ந்துகொண்டும் இருந்தன. புதுப் பெட்டி தயாரானதும் மாதம்மாள் அதை மலைக்குக் கொண்டுபோக முறைப்படி அனுமதி கேட்டு வாங்கினாள். பிறகு ஹபீப் ரஹ்மானின் புது மேசைக்குப் போய், சாக்கையும் கயிற்றையும் எதிரில் வைத்தாள்.  அவர் கட்டினார். நுனியை மடக்கித் தீக்குச்சியில் பொசுக்கினார். அவள் அவர் கண்ணெதிரிலேயே முடிச்சைப் பலமாக இரண்டு இழு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினாள்.

மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. மாதம்மாள் கூடவே கொண்டுவந்த பாட்டரியையும் இரண்டு விளக்கையும் பெட்டியில் இணைத்து முற்றத்தில் வைத்தாள். அத்தாயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தாள்.

"தொடலாமா, இல்ல முறம் கொண்டாரட்டுமா?"

"தொடு."

அத்தாயி கைப்பிடியைத் தள்ளினாள். அசையவில்லை. மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேலே தூக்கித் தள்ளினாள். பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. திரும்பத் தள்ளினாள். சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதைச் சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?"

பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "எங்க வெக்கட்டும்? கல்லு மேலயா, பரண்லயா?"

"ரெண்டுலயும்" என்றாள் மாதம்மாள். "மொதல்ல பரண்ல. நல்லாப் புகை போடு."